நிரப்பிய லோடோடு திரும்பி வந்தவர்

கேப்டன் இறந்து 40 நாள் தாண்டிவிட்டது. காட்டுத்தீயின் மேல் விமானம் ஓட்டி, தீயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து போடுவதையே 20 வருடத்துக்கு மேல் தொழிலாகச் செய்தவர். பறப்பதை நிறுத்தி ஐந்து வருடம் கழித்து, உடம்பு முடியாமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூட்டி வந்த பிறகு, தன் கட்டிலில், மனைவியின் கையைப் பிடித்தபடி போனார். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீயணைப்பு விமானி ஒருவர் தவறிவிட்டார் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி "எங்கே விழுந்தது?" என்றுதான் வந்தது. எங்கேயும் விழவில்லை. இந்தத் தொழிலில் ஒருவர் வயதாகி வீட்டில் கண்ணை மூடுவது தானாக நடந்துவிடாது. அதற்காக அவர் தினமும் என்னென்ன செய்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், மறப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் விமானி இல்லை, லோடர். மருந்தைக் கலந்து, ஹோஸை மாட்டி, விமானத்தின் டேங்கை நிரப்பி அனுப்புகிற ஆள். கேப்டன் ஓட்டியது ஏர் டிராக்டர் 802. ஒற்றை எஞ்சின், மூக்கில் பெரிய புரொப்பல்லர், எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும் டேங்க். விமானி தனியாகத்தான் போவார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து "வேண்டாம் கேப்டன், திரும்பலாம்" என்று சொல்ல ஆள் கிடையாது. அதையும் அவரேதான் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தீ பெரிதாக இருக்கும் நாளில் எஞ்சினை அணைக்காமலேயே நிரப்புவோம். புரொப்பல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகமாகச் சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. நான் சேர்ந்த இரண்டாவது வாரம், விமானம் வந்து நின்றதும் அவசரத்தில் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இறக்கையின் பின்பக்கமாகத்தான் போனேன், அந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர் கை காட்டுவதற்கு முன்னால் போய்விட்டேன். உடனே எஞ்சின் நின்றது. மலையில் புகை எழும்பிக்கொண்டிருக்கிறது, மூன்று விமானம் வரிசையில் நிற்கிறது, இவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வருகிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, நான் உன்னைப் பார்த்தேனா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "என் கண்ணைப் பார், கட்டைவிரலைப் பார், அப்புறம் வா" என்றார். அவ்வளவுதான், மறுபடி ஏறி ஸ்டார்ட் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை, ஓடும் எஞ்சின் எதுவாக இருந்தாலும், ஹெலிகாப்டர் என்றாலும் சரி, ஓட்டுகிறவர் கண்ணும் என் கண்ணும் சந்திக்காமல் நான் ஓரடி வைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்.

மருந்து என்று நாங்கள் சொல்வது அமோனியம் பாஸ்பேட் உப்பைத் தண்ணீரில் கலந்த கரைசல். காற்றில் சிதறாமல் விழவும் செடியில் ஒட்டவும் கொழகொழப்பாக இருப்பதற்குப் பசை சேர்ப்பார்கள், எங்கே விழுந்தது என்று மேலிருந்து தெரிவதற்குச் சிவப்பு நிறம் சேர்ப்பார்கள். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழாய். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அளவுகோட்டில் நிறம் எங்கே பிரிகிறது என்று தெரியும். இது என் வேலை. ஆனால் நாளின் முதல் லோடுக்கு கேப்டன் தானும் வாங்கிப் பார்ப்பார். என் மேல் சந்தேகமா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "நீ சரியாகத்தான் கலந்திருப்பாய். நான் எதைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். தண்ணீர் அளவு மாறினால் எடை மாறும், விழும் விதம் மாறும். அவருக்கு எல்லாமே எடையில்தான் தொடங்கும்.

இந்த மருந்து தீயை அணைக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. தீக்கு முன்னால், இன்னும் எரியாத புல்லிலும் புதரிலும் ஒரு கோடு போடுகிறோம். தண்ணீர் காய்ந்த பிறகும் அந்த உப்பு செடியில் தங்கி, அது எளிதில் சுவாலை விட்டு எரியாமல் கரியாகப் போகும்படி செய்கிறது. தீயின் வேகம் குறையும். அந்த இடைவெளியில் தரையில் இருப்பவர்கள் மண்ணை வெட்டிக் கோடு போட்டுத் தீயை மடக்க வேண்டும். "நாம் நேரம் வாங்கிக் கொடுக்கிறோம் தம்பி, அணைப்பது அவர்கள்தான்" என்பார். மேலிருந்து படம் எடுத்தால் சிவப்பு மழைதான் அழகாகத் தெரியும், கீழே மண்வெட்டி பிடித்தவர் தெரிய மாட்டார், அது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது.

அவர் இந்த வேலைக்கு வந்தது பயிருக்கு மருந்து அடிக்கும் விமானத்திலிருந்து. இந்தத் தொழிலே அங்கிருந்துதான் வந்தது என்று பெருமையாகச் சொல்வார். 1955-இல் கலிபோர்னியாவில் வில்லோஸ் என்ற ஊரின் பயிர் விமானிகள் ஒரு பழைய ஸ்டியர்மேன் இருசிறகு விமானத்தின் டேங்கில் மூடி பொருத்தி, 170 கேலன், அதாவது 640 லிட்டர் போலத் தண்ணீரைக் காட்டுத்தீயின் மேல் கொட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 1953-இல் அதே வட்டாரத்தில் ராட்டில்ஸ்னேக் தீயில் 15 பேர் தரையில் சிக்கி இறந்திருந்தார்கள். இந்த இரண்டையும் அவர் எப்போதும் சேர்த்தேதான் சொல்வார். தரையில் போனவர்களை நினைத்துத்தான் மேலே பறக்கத் தொடங்கினார்கள் என்பது அவர் கருத்து.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைவுக் கூட்டத்தில் இதைத்தான் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு குறுகலான பள்ளத்தாக்கு, அதன் வாயில் கொஞ்சம் வீடுகள், மேலேயிருந்து தீ இறங்கி வருகிறது. கேப்டன் முழு லோடோடு போனார். தளத்தில் ரேடியோ என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து போடாமல் வெறுமனே ஒரு முறை அந்தப் பாதையில் பறந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். கீழே இருந்த பொறுப்பாளர் போடுங்கள், போடுங்கள் என்கிறார். குரலில் பதற்றம் ஏறிக்கொண்டே போகிறது, அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கண் முன்னால் வீடு இருக்கிறது. கேப்டன் நிதானமாக, "இந்தப் பக்கம் முடியாது. லோடோடு திரும்புகிறேன்" என்றார். அதன் பிறகு ரேடியோவில் வந்த வார்த்தைகளை நான் எழுத விரும்பவில்லை.

இறங்கி வந்து நின்றார். நான் போனதும், "லோடு அப்படியே இருக்கட்டும், இப்போது பார்க்கலாம்" என்றார். இறக்கையில் மருந்து வழிந்து ஈரமாக இருந்தது. அதில் விரலை நனைத்து, காய்ந்த இடத்தில் கோடு போட்டார். இது மலை முகடு. இது காற்று, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கீழே அமுக்குகிறது. இங்கே குறுக்கே ஒரு மின்கம்பி போகிறது, புகையில் பாதி மறைந்திருக்கிறது, கம்பத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "உள்ளே போக வழி இருக்கு தம்பி. வெளியே வருவதற்கு, மருந்து விழுந்து விமானம் லேசாக ஆனால்தான் வழி. டேங்கின் கேட் திறக்கவில்லை என்றால்?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. மூன்று டன்னுக்கு மேல் எடை ஒரு சில நொடியில் கீழே போகும்போது விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும், விமானி ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஏற்றத்தை நம்பி ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைவது சுலபம். அவர் கணக்கு வேறு: மருந்து விழாமல் வயிற்றிலேயே தங்கிவிட்டாலும் வெளியே வர முடிகிற பாதையாக இருந்தால் மட்டுமே உள்ளே போவது. மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்துப் பறப்பது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, முகட்டை நெருங்கும்போது நேராகப் போகாமல் சாய்வாகப் போவது, எல்லாம் இந்த ஒரே கணக்கிலிருந்து வந்தவைதான். விமானம் ஓட்டாத எனக்கும் இது எத்தனையோ இடத்தில் கை கொடுத்திருக்கிறது. ஒரு வேலையில் இறங்கும் முன், நான் நம்பியிருப்பது நடக்காமல் போனால் எப்படி வெளியே வருவேன் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் அன்று வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த கண்காணிப்பு விமானத்திலிருந்து புகை நகர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். மறுபக்கத்திலிருந்து, சரிவில் இறங்கும் வாக்கில் போய்ப் போட்டார். அப்புறம் இருட்டும்வரை இன்னும் நான்கு லோடு. வீடுகள் தப்பின. ஓரத்தில் இருந்த இரண்டு கொட்டகைகள் எரிந்துபோயின, அவர் திரும்பி வந்த அந்த முக்கால் மணி நேரத்தில்தான். மறுநாள் காலை அவரே போய் அந்தக் கொட்டகைக்காரரைப் பார்த்தார், நானும் கூடப் போனேன். ஏன் போடவில்லை என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். அந்த மனிதர் ஏற்றுக்கொள்ளவில்லை. முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் கேப்டன், "அவர் கோபப்படலாம், நியாயம்தான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

லோடைக் குறைத்துக்கொள்வதும் இப்படித்தான். 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓடுதளத்தில் 35 டிகிரி வெயில் அடித்தால், காற்று லேசாகி, விமானத்துக்கு அது ஏறக்குறைய 6,000 அடியில் இருப்பது போல. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும், ஓடுதளம் நீளமாகத் தேவைப்படும். அதிகமாகத் தீ பிடிப்பதே அப்படிப்பட்ட நாளில்தான் என்பதுதான் கொடுமை. டேங்க் 3,000 லிட்டர் பிடிக்கும் என்பதற்காக 3,000 லிட்டர் போட வேண்டியதில்லை. "இன்றைக்கு 2,400 போதும்" என்று சொல்லிவிட்டு ஏறுவார். மற்றவர்கள் முழுசாக எடுக்கும்போது இவர் மட்டும் குறைக்கிறாரே என்று பேச்சு வரும். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவரிடம் 2002-ஆம் வருடத்தைப் பற்றிப் பேச முடியாது, முகம் மாறிவிடும். அந்த ஜூனில் கலிபோர்னியாவில் வாக்கர் அருகே மருந்து போட்டுக்கொண்டிருந்த ஒரு சி-130 விமானத்தின் இறக்கைகள் வானத்திலேயே பிய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஜூலையில் கொலராடோவில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமானம் ஒன்றின் இறக்கை முறிந்து இரண்டு பேர். இரண்டிலும் உலோகத்தில் நாள்பட்ட வெடிப்பு. முழு லோடு, தாழ்வான பறத்தல், மலைக்காற்றின் உலுக்கல் எல்லாம் சேர்ந்து உலோகத்தைக் களைப்படைய வைக்கும். அதற்குப் பிறகுதான் பழைய ராணுவ விமானங்களை இந்த வேலைக்கு விடுவது பற்றி அமெரிக்காவில் பெரிய விசாரணை நடந்தது, 2004-இல் 33 பெரிய டாங்கர்களின், அதாவது மருந்து போடும் பெரிய விமானங்களின், ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். கேப்டன் தினமும் சாயங்காலம் தன் விமானத்தைத் தானே கழுவுவார். மருந்து உலோகத்தை அரிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கழுவும்போது கை எல்லா இடத்திலும் படும், ஒரு ஆணி தளர்ந்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் துணி மெதுவாக நகர்வதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

முன்கண்ணாடியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். தனியாக ஒரு மெல்லிய பருத்தித் துணி, பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். புகைக்குள் பறக்கும்போது கண்ணாடியில் ஒட்டிய பூச்சியின் கறை தூரத்தில் வரும் இன்னொரு விமானம் மாதிரி தெரியும், நிஜமாகவே விமானம் வரும்போது அதைக் கறை என்று நினைத்துவிடுவோம் என்பார். கார் ஓட்டுபவர்களும் யோசிக்கலாம்.

தரையில் வேலை செய்பவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இரண்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். விமானம் வருகிறது, நீங்கள் அதன் பாதையில் இருக்கிறீர்கள் என்றால் முதல் வேலை பக்கவாட்டில் விலகிப் போவது. நேரமில்லை என்றால் ஹெல்மெட்டோடு, விமானம் வரும் திசையைப் பார்த்து முகம் குப்புறப் படுத்து, காலை அகட்டி, அசையாத எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் கருவியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். பெரிய மரத்தடியிலும் பட்டுப்போன மரத்தடியிலும் நிற்கவே கூடாது. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மெண்டோசினோ தீயில், தாழ்வாக வந்த ஒரு பெரிய டாங்கரின் மருந்து விழுந்த வேகத்தில் மரம் முறிந்து தரையில் இருந்த வீரர் ஒருவர் இறந்தார். மழை மாதிரி தெரியும், ஆனால் டன் கணக்கில் எடை.

இன்னொன்று ட்ரோன். தீ எரியும் இடத்தில் ஒரு ட்ரோன் தெரிந்தால் விமானங்களை விலக்கிவிடுவார்கள், வேறு வழியில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது ஒரு சி.எல்-415 விமானத்தின் இறக்கையில் ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது, அவ்வளவு அவசரமான நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் பறக்க முடியாமல் நின்றது. அந்தச் செய்தி வந்தபோது கேப்டன் ஓய்வில் இருந்தார். போன் செய்து அரை மணி நேரம் பேசினார், அப்படி அவர் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. யாராவது படம் எடுக்க ட்ரோன் விடப் போவதைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

சரி, நினைவுக் கூட்டத்துக்கு வருகிறேன். தளத்தில் விமானம் நிறுத்தும் ஹேங்கரிலேயே வைத்தோம். ரேடியோவில் அவருடைய அழைப்புப் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை, "பணி முடிந்தது" என்று அறிவித்தார்கள். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அங்கேதான் உடைந்தார்கள், நானும்தான். பிறகு பேச்சு. ஒருவர் எழுந்து அந்தப் பள்ளத்தாக்கு நாளைச் சொன்னார். மின்கம்பி, புகை, எதையும் பார்க்காமல் கேப்டன் உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்து ஊரைக் காப்பாற்றினார் என்று சொன்னார். அன்போடுதான் சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். முன்வரிசையில் இரண்டு புது விமானிகள் உட்கார்ந்திருந்தார்கள், இருவருக்கும் 30 வயதுகூட இருக்காது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

நான் மேடையில் பேசுகிற ஆள் இல்லை. எழுந்து, அன்று அவர் முதலில் லோடோடு திரும்பி வந்தார் என்று சொன்னேன். இறக்கையில் விரலால் வரைந்ததைச் சொன்னேன், இரண்டு கொட்டகை எரிந்ததையும் சொன்னேன். ஹேங்கர் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது, இறந்தவரைப் பற்றிப் பேசும்போது கொட்டகை எரிந்த கதை எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட ஒருவரை நினைவுகூர உங்களைக் கூப்பிட்டால், அவர் வேண்டாம் என்று சொன்ன நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்பேன். பாய்ந்த கதையை மட்டும் கேட்டு வளர்கிற பையன் ஒரு நாள் பாய்ந்துவிடுவான். இந்த நாளைப் பற்றிச் சொல்லலாமா என்று கூட்டத்துக்கு முந்தைய நாளே அவர் மனைவியைக் கேட்டிருந்தேன். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "கொட்டகையையும் சொல்லு, அது ரொம்ப நாள் அவர் மனசில் இருந்தது" என்றார் அக்கா.

இன்னொரு விஷயம், விபத்தில் ஒருவரை இழந்த தளங்களில் வேலை செய்த நண்பர்களிடம் கேட்டது. முதல் சில நாட்களில் காரணத்தை ஊகித்துப் பேசாதீர்கள், விமானத்தின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், குடும்பத்துக்குத் தகவல் போவதற்கு முன் பெயர் வெளியே போய்விடக் கூடாது. சர்வதேச சிவில் விமான விதிகளின் 13-ஆம் இணைப்பின்படி முதல்கட்ட அறிக்கைக்கே 30 நாள் இருக்கிறது, முழு அறிக்கை வர ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதன் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மேல் குற்றம் என்று தீர்ப்பது இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வருடமும் குடும்பம் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்காவுக்கு உதவியாக இரண்டு நாள் அவர் பொருட்களைப் பிரித்து வைத்தேன். அவர் பறந்த கணக்கை எழுதி வைத்த லாக் புக்குகளை வரிசையாக அடுக்கி, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படம் எடுத்து வைத்தோம், காகிதம் வீணாகும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஹெல்மெட்டை மகள் எடுத்துக்கொண்டாள். சட்டைகளைத் துவைத்துவிடலாமா என்று நான் கேட்டது தப்பு, அக்கா வேண்டாம் என்றார், சிவப்புக் கறை அப்படியே இருக்கட்டும் என்றார். இறந்தவர் வீட்டில் எதையும் சுத்தம் செய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. கண்ணாடி துடைக்கும் துணியை என்னிடம் கொடுத்தார்.

தீ சீசனில் தளத்திலேயே தங்குவார் என்பதால் தினமும் சாயங்காலம் விமானத்தைக் கழுவி முடித்ததும் கேப்டன் வீட்டுக்குப் போன் செய்வார். நலமா என்று கேட்பதற்கு முன்பே அன்றைய காற்றைத்தான் சொல்வார், எந்தத் திசை, எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வேகம் என்று. அதை வைத்தே அன்று எப்படிப்பட்ட நாள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும், வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது வேண்டும் என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். யாரும் கூப்பிட மாட்டார்கள், நாம்தான் கூப்பிட வேண்டும். இந்த சீசனின் முதல் நாள் வேலை முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"காற்று எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"வடமேற்கு, 15 நாட். மதியத்துக்கு மேல் 20 வரைக்கும் போச்சு அக்கா" என்றேன்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. ஒருத்தர் லோடோடு திரும்பி வந்தார்."